இஞ்ச் டேப்பா, மரபணு மதிப்பெண்ணா? வளைகுடா அரபிகளுக்கு எது பொருந்தும்

தோஹாவில் வாழும் 35 வயது கத்தாரி ஒருவர். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. தனக்கும் வந்துவிடுமோ என்ற கவலை. தெரிந்துகொள்ள இன்று அவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எச்சிலைக் குப்பியில் அனுப்பி, பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் திரட்டிய தரவின்படி கணக்கிட்ட, நோய் வரும் வாய்ப்பை ஒரே எண்ணில் சொல்லும் மரபணு மதிப்பெண்ணை வாங்கலாம். தன் நாட்டு மக்களின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படிக்கும் அரசுத் திட்டத்தில் சேரலாம். இல்லையென்றால் இடுப்பில் இஞ்ச் டேப்பைச் சுற்றி, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று ஒரு தாளில் எழுதலாம். என் தேர்வு மூன்றாவது. இரண்டாவதற்கும் பெரிய மதிப்பு உண்டு, ஆனால் அது வேறு வேலைக்கானது. முதலாவதற்குக் காசு கொடுக்க இன்னும் காலம் வரவில்லை.

எதை அளக்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்றவற்றின் கூட்டத்தை மருத்துவர்கள் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பார்கள். அது தனி நோய் அல்ல. பெருத்த இடுப்பு, ரத்தத்தில் 150 மில்லிகிராமைத் தொட்ட டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு, குறைந்துபோன எச்.டி.எல். என்ற ‘நல்ல’ கொழுப்பு, 130-க்கு 85-ஐ எட்டிய ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் 100-ஐத் தொட்ட சர்க்கரை. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அந்தப் பெயர் விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 16 விதமான சேர்க்கைகளில் ஒருவர் இதற்குள் வரலாம். ஒருவருக்குச் சர்க்கரையே இருக்காது, இன்னொருவருக்குக் கொழுப்பு சரியாகவே இருக்கும். இருவருக்கும் பெயர் ஒன்றுதான். இத்தனை வாசல் உள்ள வீட்டுக்கு ஒரே சாவியாக ஒரு மரபணுவைத் தேடுவதில் ஆரம்பத்திலேயே சிக்கல் இருக்கிறது.

ஐரோப்பிய மதிப்பெண்ணில் அதிகம் அடிபடும் பெயர், உடல் எடையோடு தொடர்புள்ள எஃப்.டி.ஓ. மரபணு. அதன் ஒரு மாறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்கள், அது அறவே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையோடு இருப்பதாக 2007-இல் ஏறக்குறைய 39,000 ஐரோப்பியர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் மூன்று கிலோ என்பது ஒரு ரமலான் மாதத்தில் ஏறி இறங்கக்கூடிய எடை.

சர்க்கரை நோய்க்கு வந்தால் டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணு. ஐஸ்லாந்து மக்களிடம் 2006-இல் கண்டெடுக்கப்பட்டது. பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு இந்த அளவுக்கு வலுவான தொடர்பு உள்ளவை மிகக் குறைவு. இதை அரபு மண்ணில் சோதித்தபோது என்ன ஆயிற்று? 2008-இல் வெளிவந்த சவூதி ஆய்வில் தொடர்பு பலவீனமாகவோ இல்லாமலோ இருந்தது. 2010-இல் பாலஸ்தீனியர்களிடம் நடந்த ஆய்வில் தொடர்பு தெளிவாகவே வந்தது. இரு தரப்பும் பேசும் மொழி அரபிதான்.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை என்பேன். ‘அரபு’ என்பது மொழியின் பெயர். கத்தார் என்ற சின்னஞ்சிறு நாட்டிலேயே மரபணு வழியில் மூன்று கூட்டங்கள் பிரிந்து தெரிகின்றன: பாலைவன நாடோடிகளான பெதூயின் வழி வந்தவர்கள், பாரசீக, தெற்காசியக் கலப்புள்ளவர்கள், ஆப்பிரிக்க வேர் கொண்டவர்கள். முத்துக் குளிப்பும் பாய்மர வணிகமும் அடிமை வியாபாரமும் அந்தக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த மனிதர்களின் வாரிசுகள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் அட்டையை நீட்ட முடியாது.

இன்னொரு காரணம் கொஞ்சம் நுட்பமானது. மதிப்பெண்ணில் எண்ணப்படும் மாறுபாடுகளில் பல உண்மையான குற்றவாளிகள் அல்ல. குற்றவாளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே கடத்தப்படுவதால் ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்கிறோம். ஐரோப்பாவில் அடுத்தடுத்து இருந்தவை, வேறு வரலாறு கொண்ட மக்களிடம் பிரிந்து போயிருக்கலாம். பழைய விலாசத்தை வைத்துக்கொண்டு கதவைத் தட்டினால் வேறு யாரோ திறப்பார். 2019 வாக்கில் இத்தகைய மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். 6,218 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து 2021-இல் வெளியான கத்தார் ஆய்வு, ஐரோப்பியத் தரவில் உருவான மதிப்பெண்கள் கத்தாரிகளிடம் கணிக்கும் திறனை ஓரளவு இழந்துவிடுவதை நேரடியாகவே காட்டியது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 11-ஆம் குரோமோசோமில் அப்போ ஏ5 மரபணு இருக்கும் பகுதி. அது தரும் புரதம், ரத்தத்தில் மிதக்கும் டிரைகிளிசரைடை உடைக்கும் நொதிக்குத் துணைபோகிறது. துணை குறைந்தால் கொழுப்பு தேங்கும். வேலை இவ்வளவு நேரடியாக இருப்பதாலோ என்னவோ, ஐரோப்பா, ஆசியா, அரபு நாடுகள் என எங்கே தேடினாலும் இந்தப் பகுதி தலைகாட்டுகிறது. ஐந்து அளவுகளில் டிரைகிளிசரைடு ஒன்றுக்கு மட்டும் கேட்டால், மரபணு சொல்வதைக் கூடுதலாக நம்புவேன்.

இஞ்ச் டேப்பிலும் இதே குறை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2005-இல் இடுப்பளவுக்கு இனவாரியாக எல்லை வகுத்தது: ஐரோப்பிய ஆண்களுக்கு 94 செ.மீ., தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு இரு தரப்பிலும் 80. அரபு மக்களுக்குத் தனித் தரவு போதவில்லை. அது கிடைக்கும்வரை ஐரோப்பிய அளவையே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அமெரிக்க வழிகாட்டுதலோ ஆண்களுக்கு 102 என்றது. ஒரே மருத்துவமனை வரிசையில் 92 செ.மீ. இடுப்போடு நிற்கும் கத்தாரி எல்லைக்குள் இருக்கிறார், அவருக்குப் பின்னால் அதே இடுப்போடு நிற்கும் திருநெல்வேலிக்காரர் எல்லையைத் தாண்டிவிட்டார். இரவல் அளவுதான். ஆனாலும் டேப்பில் வரும் பிழை சில சென்டிமீட்டரோடு முடிகிறது. 110 செ.மீ. இடுப்புள்ளவரை எந்த எல்லையும் ‘கவலையில்லை’ என்று அனுப்பிவைக்காது. இன்னொன்று, அடுத்த வருடம் அளந்தால் டேப்பின் எண் மாறியிருக்கும். மரபணுவின் எண் பிறந்த அன்று எழுதியது எழுதியதுதான்.

குடும்ப வரலாறு எழுதும் தாளை அதைவிட மேலாக மதிக்கிறேன். கத்தாரிலும் சவூதியிலும் திருமணங்களில் பாதிக்கு மேல் உறவுக்குள் நடப்பதாக ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. நம்மிடம் மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். அங்கே சித்தப்பா, பெரியப்பா மகளை மணப்பது மரபு. நமக்கு அது தங்கை முறை, கேட்டாலே திடுக்கிடுவோம். மரபணுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: பிள்ளையின் மரபணுக்களில் பதினாறில் ஒரு பங்கு, ஒரே மூதாதையிடமிருந்து இரு பக்கமும் வந்த ஒரே நகலாக அமைய வாய்ப்பு. ஆகவே ஒரு கொள்ளுத்தாத்தாவின் நோயைக் கேட்டால் தாய்வழி, தந்தைவழி இரண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைக்கிறது. அந்தத் தாளில் மரபணுவோடு அந்த வீட்டுச் சமையலும், யார் நடந்தார்கள், யார் உட்கார்ந்தே இருந்தார்கள் என்பதும் சேர்ந்து பதிவாகிறது.

ரத்தப் பரிசோதனையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சவூதியின் கிழக்கே அல் அஹ்சா, கதீஃப் பகுதிகளில் அரிவாள் செல் மரபணுவும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடும் அதிகம். இவை சிவப்பணுவின் ஆயுளைக் குறைத்துவிடலாம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்று நாம் நம்பும் எச்.பி.ஏ1சி பரிசோதனை அப்போது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஆபத்தைக் கூட்டாமல், ஆபத்தைக் காட்டும் கருவியை ஏமாற்றும் மரபணு இது. அந்த ஊர்க்காரர் வெறும் வயிற்றுச் சர்க்கரையைத்தான் நம்ப வேண்டும்.

‘எல்லாம் பாலைவனத்து ரத்தம், பஞ்சத்தில் கொழுப்பைச் சேமித்துப் பழகிய மரபணு’ என்ற விளக்கம் அரபு நாடுகளைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வருகிறது. அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் நீல் 1962-இல் முன்வைத்த சிக்கன மரபணுக் கருதுகோளின் நிழல் அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தம்மாமில் எண்ணெய் பீறிட்டது 1938-இல். அன்று ஒட்டகம் மேய்த்தவரும் முத்துக் குளித்தவரும் சுமந்த மரபணுவைத்தான் இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளும் சுமக்கிறார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் மாறியது காரும் குளிரூட்டியும் அரிசியும் சர்க்கரையும். 2021 கணக்குப்படி மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பகுதியில் வயது வந்தவர்களில் ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அந்த வேகத்தை மரபணுவின் தலையில் கட்ட முடியாது.

அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற ஆய்வில் டி.சி.எஃப்.7.எல்.2 மாறுபாட்டின் இரு நகல்களும் கொண்டவர்களுக்கு, போலி மாத்திரைப் பிரிவில் நோய் வரும் வேகம் சுமார் 80 சதவீதம் கூடியிருந்தது. உணவையும் நடையையும் மாற்றிய பிரிவில் அந்தக் கூடுதல் பெருமளவு கரைந்துபோனது. கத்தாரிலேயே நடந்த சான்று இன்னும் வலுவானது. 2020-இல் வெளியான டயாடெம் ஆய்வில், மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வேர்கள் கொண்ட 18 முதல் 50 வயதுக்குட்பட்ட 158 பேர் பங்கேற்றார்கள். எல்லாருக்கும் சர்க்கரை வந்து மூன்று ஆண்டுக்குள். தீவிர உணவு, நடை மாற்றத்துக்கு ஆட்பட்டவர்கள் ஓராண்டில் சராசரியாக 12 கிலோ இறங்கினார்கள். 61 சதவீதத்தினருக்கு நோய் தணிநிலைக்குப் போனது, அதாவது மருந்தில்லாமலே சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே இறங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 12 சதவீதம். எஃப்.டி.ஓ. தரும் மூன்று கிலோவை இந்தப் பன்னிரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அப்படியானால் கத்தாரும் சவூதியும் 2013 முதல் மரபணுத் திட்டங்களுக்குக் கொட்டும் பணம் வீணா? இல்லவே இல்லை. குவைத்தின் பெதூயின்களிடம் பார்டெட் பீடில் என்ற அரிய நோய் சுமார் 13,500 பேருக்கு ஒருவரிடம் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். வட ஐரோப்பாவில் அது சுமார் 1,60,000-க்கு ஒருவர். சிறு வயதிலேயே அடங்காத பசி, கட்டுக்கடங்காத உடல் பருமன், மெல்ல மங்கும் பார்வை, சிலருக்குக் கையில் ஆறாம் விரல். பெரியவர்களாகும்போது மெட்டபாலிக் சிண்ட்ரோமின் பட்டியலில் பலவும் வந்து சேரும். இவர்களை ‘சாப்பாட்டைக் குறை’ என்று திட்டியே வளர்த்த வீடுகள் உண்டு. இங்கே டேப் தோற்றுவிடுகிறது. பருமன் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. இரு நகல்களிலும் பழுதான அந்த ஒரு மரபணுவைக் கண்டால்தான் காரணம் தெரியும். மூளையின் பசிப் பாதையில் வேலை செய்யும் செட்மெலனோடைட் ஊசிக்கு இந்த நோயாளிகளுக்காக அமெரிக்க அரசு 2022-இல் ஒப்புதல் தந்தது. மரபணு அறிக்கை கையில் இல்லாத எத்தனையோ குடும்பங்கள், அந்த ஊசி தங்களுக்கானது என்பதே தெரியாமல் இன்னும் உணவுப் பட்டியலோடு போராடிக்கொண்டிருக்கின்றன.