முதல் மாதம் பச்சை, மூன்றாம் மாதம் குச்சி: அலுவலகத்துக்குச் செடி வாங்குவோர் கவனத்துக்கு

அலுவலகத்துக்குச் செடி விற்பதில் ஏமாற்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. அலுவலகம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது வண்டி வந்து நிற்கும். ஆறடி அரேகா பாம், ஃபிடில் லீஃப் ஃபிக், நிறநிறமாய்க் க்ரோட்டன்ஸ், மேசைக்கு மேசை சின்னத் தொட்டிகள். இலையெல்லாம் எண்ணெய் தடவியதுபோல மின்னும். ரசீதில் 30 நாள் உத்தரவாதம் எழுதியிருக்கும். அந்த 30 நாளும் செடிக்கு ஒன்றும் ஆகாது. ஆறாவது வாரம் அடியிலைகள் மஞ்சளாகும், எட்டாவது வாரம் கொட்டத் தொடங்கும், மூன்றாவது மாதம் குச்சிதான் மிஞ்சும். கூப்பிட்டுக் கேட்டால் ஒரே பதில்: "உங்க ஆளுங்க தண்ணி அதிகமா ஊத்திட்டாங்க சார்."

அதில் பாதி உண்மை இருப்பதால்தான் வாங்கியவர் வாயடைத்துப் போகிறார். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் அழுகித்தான் இருக்கும். ஆனால் அழுகல் எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலில் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். 50 சதவீத நிழல்வலைக்குள் வளர்ந்த செடிக்கும் நண்பகலில் 50,000 லக்ஸ் வரை கிடைத்திருக்கும். அலுவலக மேசையில் விழுவதோ 300 முதல் 500 லக்ஸ். நடைபாதை மூலையில் 100கூட இருக்காது. நிறைய வெளிச்சத்தில் உருவான இலைக்குத் தன்னை ஓட்டிக்கொள்ளவே நிறைய வெளிச்சம் வேண்டும். இந்த மங்கலில் அது சம்பாதிப்பதைவிடச் செலவழிப்பது அதிகம். தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்று சில வாரம் தாக்குப்பிடிக்கும். உத்தரவாதம் அந்தச் சேமிப்பு இருக்கும்வரைதான். வெளிச்சம் குறைந்தால் செடி உறிஞ்சும் தண்ணீரும் குறையும். நர்சரியில் ஊற்றிய அதே அளவை இங்கேயும் ஊற்றினால் மண் காயாது, வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகும். ஆக, தண்ணீர் கடைசியில் வந்த குற்றவாளி. முதல் குற்றம், வெளிச்சத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் செடியை இறக்கியது.

நாணயமான நர்சரி, உள்ளே வைக்கப்போகும் செடியைச் சில வாரமாவது அடர்நிழலில் வைத்துப் பழக்கித்தான் அனுப்பும். "எத்தனை சதவீத நிழலில், எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் லக்ஸ் மீட்டரைக் கையில் எடுங்கள். கைப்பேசிச் செயலி துல்லியம் இல்லை என்றாலும் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடப் போதும். இலை இருக்கப்போகும் உயரத்தில், காலை, நண்பகல், மாலை என மூன்று முறை அளந்து எழுதி வையுங்கள். ஜன்னலை விட்டு இரண்டு மீட்டர் நகர்ந்தாலே வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். நம் கண் அதற்குத் தக்கபடி சரிசெய்துகொள்வதால் தெரிவதில்லை. ஜன்னலே இல்லாத அறையில் விளக்கு நாளுக்கு 9 மணி நேரம், வாரம் 5 நாள் எரிந்தால், மொத்தம் உள்ள 168 மணி நேரத்தில் செடிக்குக் கிடைப்பது 45 மணி நேரம்தான். அப்படிப்பட்ட இடத்தில் டைமர் போட்ட தனி விளக்கு, விடுமுறை நாளிலும் 12 மணி நேரம், இல்லாமல் செடி வைப்பது வீண்.

100 லக்ஸுக்குக் கீழே எதுவும் நிலைக்காது. பிளாஸ்டிக் செடி வைத்துவிட்டுப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. 200 முதல் 500 வரை என்றால் இசட்இசட் செடி, ஸ்நேக் பிளான்ட், ஆஸ்பிடிஸ்ட்ரா, பச்சை இலை அக்லோனிமா, மணி பிளான்ட். இவை அங்கே வளரும் என்பதைவிடச் சாகாமல் இருக்கும் என்பதே சரி. சிவப்பு அக்லோனிமாவை இந்த வெளிச்சத்தில் வைத்தால் நிறம் மங்கும். 500 முதல் 1,000 வரை இருந்தால் பீஸ் லில்லி, டிரசீனா, பார்லர் பாம் சேர்க்கலாம். ஃபிடில் லீஃப், அரேகா, க்ரோட்டன்ஸ், கள்ளி வகைகள் எல்லாம் ஜன்னலை ஒட்டி, 2,000 லக்ஸுக்கு மேல் கிடைக்கும் இடத்துக்கு மட்டும். விற்பவர்கள் முதலில் தள்ளிவிடுவது இவற்றைத்தான், பார்த்த மாத்திரத்தில் மயக்கும் என்பதால்.

தொட்டிக்குள்ளும் தில்லுமுல்லு உண்டு. வேர்விடாத தண்டுகளை நாலைந்தாகச் செருகி 'அடர்த்தியான செடி' என்று விற்பார்கள். அடித்தண்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். தொட்டியும் சேர்ந்து வந்தால் வேர் பிடித்திருக்கிறது, தண்டு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் இல்லை. மேலே கூழாங்கல்லைப் பசைபோட்டு ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம். மண் ஈரமா காய்ந்ததா என்று விரல் விட்டுப் பார்க்க முடியாது, தண்ணீரும் சீராக இறங்காது. ஓட்டையில்லாத அலங்காரத் தொட்டியில் நேரடியாக நட்டு, "அடியில் ஜல்லி போட்டிருக்கோம், தண்ணி வடிஞ்சிடும்" என்பது இன்னொரு கதை. ஜல்லிக்கு மேலிருக்கும் மண், தன்னால் தாங்க முடிந்த ஈரம் முழுவதையும் பிடித்துக்கொண்ட பிறகுதான் கீழே விடும். ஜல்லி போட்டதால் ஈரப்பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான். ஓட்டையுள்ள நர்சரித் தொட்டியை அப்படியே அலங்காரத் தொட்டிக்குள் இறக்கி, அடியில் 3 முதல் 5 செ.மீ. இடைவெளி விடுவதே முறை. தேங்கியதை எடுத்துக் கொட்டவும் வழி இருக்கும்.

பளபளப்பு ஸ்பிரே அடித்த இலையை ஈரத்துணியால் துடைத்து, திருப்பி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிலந்திப்பேன் இருந்தால் நுண்ணிய வலையும் வெளிறிய புள்ளிகளும் தெரியும். ஏசி அறையின் வறண்ட காற்று அதற்கு மிகவும் பிடிக்கும். இலைக்கணுவில் பஞ்சுபோல இருந்தால் மாவுப்பூச்சி. புதிதாக வந்த தொட்டிகளை இரண்டு மூன்று வாரம் தனியே வைக்காமல் பரப்பினால், ஒரு தொட்டியின் பூச்சி 40 தொட்டிக்கும் போகும். கள்ளிமேல் பசையால் ஒட்டிய பூ, சாயம் அடித்த சக்குலன்ட் (சதைப்பற்றான இலைச் செடி) எல்லாம் கண்ணுக்கே தெரியும். தெரியாத ஒன்று 'பிங்க் காங்கோ' ஃபிலோடெண்ட்ரான். அந்த இளஞ்சிவப்பு வேதிப்பொருளால் வரவழைத்தது. சில மாதங்களில் செடி பச்சைக்குத் திரும்பிவிடும்.

"20 செடி வெச்சா காத்து சுத்தமாயிடும், நாசாவே சொல்லியிருக்கு" என்ற விற்பனைப் பேச்சையும் நம்பிவிடாதீர்கள். 1989இல் வெளியான அந்த ஆய்வு மூடி முத்திரையிட்ட சிறு அறைகளில் நடந்தது. அதுபோன்ற சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வின் கணக்குப்படி, கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றுப் பரிமாற்றம் நீக்கும் அளவுக்கு வேதி ஆவிகளைச் செடிகள் நீக்க, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வாங்குங்கள், காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி என்று வாங்காதீர்கள்.

குழந்தைகள் வந்துபோகும் வரவேற்பறையில் டிஃபன்பேக்கியா கூடாது. கடித்தால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் வாயையும் நாக்கையும் வீங்க வைக்கும்.

ஒப்பந்தத்தில் '6 அடிச் செடி' என்று மட்டும் இருந்தால் தொட்டியோடு சேர்த்துத்தான் 6 அடி இருக்கும். மண்மட்டத்திலிருந்து எத்தனை அடி, தொட்டியின் விட்டம் என்ன, தாவரவியல் பெயர் என்ன என்று எழுதச் சொல்லுங்கள். மாற்றுச் செடி 'அதே இனம், அதே உயரம்' என்று இல்லையென்றால் ஆறடி போய் இரண்டடி வரும். உத்தரவாதம் குறைந்தது 120 நாள் வேண்டும். பராமரிப்பு ஆள் வந்தால் எல்லாத் தொட்டிக்கும் ஒரே குவளை ஊற்றுகிறாரா, 5 செ.மீ. ஆழம் குச்சி விட்டுப் பார்த்து ஊற்றுகிறாரா என்று கவனியுங்கள். மங்கலான இடத்தில் இசட்இசட் செடிக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். வாராவாரம் ஊற்றினால் கிழங்கு கூழாகிவிடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் செடியைத் தூக்கி எறியாதீர்கள். தொட்டியிலிருந்து உருவி வேரைப் படமெடுங்கள். வேர் பழுப்பாகிக் குழைந்திருக்கிறதா, நர்சரிப் பையின் வடிவத்திலேயே நின்று புது மண்ணுக்குள் ஒரு இழைகூடப் போகவில்லையா என்பது படத்திலேயே தெரியும். செடி நின்ற இடத்தின் லக்ஸ் அளவையும் தேதியோடு படமெடுத்துச் சேர்த்து அனுப்பிவிட்டு, அதன் பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.