திறக்காத படங்களும் எங்கள் வீட்டுக் கணினியும்: எட்டு வருட அனுபவம்

என் கல்யாண விசிடி 2003-இல் எடுத்தது, மூன்று வட்டுகள். இரண்டாவது வட்டில் பந்தி நடக்கும் இடத்தில் அப்பா திரும்பி நின்று, "அந்தக் கடைசி இலைக்கு ரசம் போகலை பாருங்க" என்று பரிமாறுகிறவரிடம் சொல்வார். ஐந்து விநாடிதான் இருக்கும். அப்பா 2011-இல் தவறிவிட்டார். அவர் குரல் பதிவாகியிருப்பது அந்த ஐந்து விநாடி மட்டுமே.

2017-இல் வீட்டு விசிடி பிளேயர் நின்றுபோனது. வட்டைக் கணினியில் போட்டால், எந்த மென்பொருளில் திறப்பது என்று அது என்னையே கேட்டது. கும்பகோணத்தில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேஞ்சு போச்சுக்கா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகையாக வந்தது.

வட்டு தேயவே இல்லை. விசிடிக்குள் எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் டிஏடி என்று முடியும் பெரிய கோப்புகள் இருக்கும். அவைதான் படம். கணினிக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை, அவ்வளவுதான். விஎல்சி பிளேயரை இறக்கி, அந்தக் கோப்பை இழுத்து அதன் மேல் போட்டேன். நாதஸ்வரம் கேட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது இந்த வேலை. எங்கள் வீட்டிலும் உறவிலும் 'கெட்டுப்போச்சு' என்று ஒதுக்கி வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உண்மையிலேயே கெட்டுப்போனவை மிகக் குறைவு.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். சாக்கின் மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருக்கும் ரகம் வேறொன்றாக இருக்கலாம். குத்தூசியை விட்டு நாலு நெல்மணி எடுத்துப் பார்த்தால்தான் பொன்னியா, ஆடுதுறை 43-ஆ என்று தெரியும். வீடியோ கோப்பும் அப்படித்தான். ஏவிஐ, எம்பி4, எம்கேவி, எம்ஓவி எல்லாம் சாக்கு. உள்ளே எச்.264, எச்.265, எம்பெக்-2 என்று ஏதோ ஒரு ரகம் இருக்கும். அந்த ரகத்தைப் பிரித்துப் படிக்கிற பகுதிக்குத்தான் கோடெக் என்று பெயர். பக்கத்து வீட்டில் ஒரு எம்பி4 ஓடுகிறது, நம் வீட்டில் இன்னொரு எம்பி4 ஓட மறுக்கிறது என்றால் காரணம் இதுதான். சாக்கு ஒன்று, ரகம் வேறு.

குத்தூசிக்கு நான் வைத்திருப்பது மீடியாஇன்ஃபோ என்ற சின்ன இலவச மென்பொருள். கோப்பைக் காட்டினால் உள்ளே என்ன ரகம், எத்தனை நிமிடம், ஒலி எந்த வகை என்று எல்லாம் சொல்லிவிடும். விஎல்சியிலேயே கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்தினாலும் கோடெக் விவரம் வரும். எந்தக் கோப்பு திறக்காவிட்டாலும் இதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

விஎல்சி ஏன் மற்றவை திறக்காததைத் திறக்கிறது? மற்ற பல பிளேயர்கள் விண்டோஸில் இருக்கும் கோடெக்கை நம்பி நிற்கின்றன. விஎல்சி தனக்கு வேண்டியதைத் தன்னோடே கொண்டுவருகிறது. 1996-இல் பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டமாக ஆரம்பித்தது, 2001-இல் எல்லோருக்கும் திறந்த மூலமாக விடப்பட்டது. இன்றுவரை இலவசம், விளம்பரம் கிடையாது. எட்டு வருடத்தில் மூன்று முறை விண்டோஸைப் புதிதாகப் போட்டிருக்கிறேன். மூன்று முறையும் முதலில் இறக்கியது இதைத்தான். பழைய கல்யாண வீடியோக்களில் யாராவது வேகமாகத் திரும்பினால் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வரும். படம் கெட்டதால் வருவதல்ல, அந்தக் காலத்து டிவிக்காக ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று பிரித்துப் பதிந்ததால் வருவது. விஎல்சியில் டி எழுத்தை ஒரு முறை அழுத்தினால் போய்விடும். இதை அறியாமல் எத்தனை பேர் நல்ல வீடியோவைத் தூக்கிப் போட்டார்களோ!

விசிடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோப்பை அப்படியே பென்டிரைவில் நகல் எடுத்து டிவியில் செருகினேன், டிவி கண்டுகொள்ளவில்லை. வட்டிலிருந்து விண்டோஸ் நகலெடுக்கும்போது டிஏடியின் மேல் இன்னொரு உறை சேர்ந்துகொள்கிறது. கல்லூரியில் படிக்கிற என் மகன் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் ஒரே ஒரு வரி அடித்து அந்த உறையைக் கழற்றி, எம்பிஜி ஆக்கிக் கொடுத்தான். படத்தைத் திரும்பச் சமைக்கவில்லை, சாக்கை மட்டும் மாற்றினான். அதனால் தரம் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. விசிடியின் தரமே 352-க்கு 288 புள்ளிதான், அதில் குறைய இடமும் இல்லை. ஆனால் அப்பா பேசுவது தெளிவாகக் கேட்கிறது.

சரி, புகைப்படத்துக்கு வருகிறேன். 2019 ஆடிப்பெருக்குக்கு நாத்தனார் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். காவிரியில் தண்ணீர், படித்துறை, காதோலை கருகமணி, சித்ரான்னம், என் மாமியார் எல்லாவற்றையும் ஐபோனில் எடுத்து, நானூறு படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லாம் எச்இஐசி என்று முடியும் கோப்புகள். போனில் கேட்டேன். "அத்தை, ஃபோன்ல நல்லாத்தானே தெரியுது, உங்க சிஸ்டம்தான் பழசு" என்றான்.

அவன் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் இந்த வடிவத்தில்தான் படத்தைச் சேமிக்கிறது. வழக்கமான ஜேபெக்கில் (ஜேபிஜி) பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதி போதும் என்பதுதான் காரணம். இதன் உள்ளே இருப்பது எச்.265 என்கிற, வீடியோவுக்காக உருவான ரகம். அதனால் விண்டோஸ் 10-இல் இதைப் பார்க்க இரண்டு துணை நிரல் வேண்டியிருந்தது. ஹீஃப் என்பது எச்இஐசி படத்தின் சாக்கு, அதற்கான நிரல் இலவசம். எச்.265-க்கான நிரலுக்குச் சின்னத் தொகை கட்ட வேண்டும், ஏனென்றால் அந்த ரகத்துக்குக் காப்புரிமை உண்டு. நான் கட்டினேன், அன்றே நானூறு படமும் திறந்தன. பணம் கட்ட விரும்பாதவர்கள் எச்இஐசி படிக்கிற எக்ஸ்என்வியூ போன்ற இலவசப் பார்வை மென்பொருள்களைப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் படங்களோடு மூன்று விநாடி நீளத்தில் குட்டிக் குட்டி எம்ஓவி கோப்புகளும் இருந்தன. இடத்தை அடைக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். லைவ் போட்டோ என்பதன் அசையும் பாதி அது. மாமியார் மாவிளக்கு வைத்துவிட்டுச் சிரிக்கிற சத்தம் அப்படி ஒன்றில்தான் கிடைத்தது.

இப்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றுவதாக இருந்தால் ஐபோனின் போட்டோஸ் அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்தால் ஜேபெக்காகவே இறங்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாகுமென்ட்டாக அனுப்பினால் மூலம் அப்படியே வரும். பெரிதாக்கிச் சட்டம் போட நினைக்கிற படத்துக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

இர்ஃபான்வியூ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இதுவும் 1996-இல் வந்ததுதான், வீட்டு உபயோகத்துக்கு இலவசம். எங்கள் 2013-ஆம் வருடத்துக் கணினியில் கிளிக் செய்த நொடியில் படம் வரும். ஸ்டூடியோக்காரர்கள் கொடுக்கிற பிஎஸ்டி, டிஃப், இணையத்திலிருந்து இறங்கும் வெப்பி எல்லாவற்றையும் காட்டுகிறது, துணைத் தொகுப்பையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு மிகவும் உதவியது வேறொன்று. பெயர் ஒன்றும் உள்ளடக்கம் வேறொன்றுமாக இருந்தால், 'இது உண்மையில் இன்ன வகைக் கோப்பு, பெயரை மாற்றட்டுமா' என்று அதுவே கேட்கும். பலர் திறக்காத கோப்பின் பெயருக்குப் பின்னால் ஜேபிஜி என்று தட்டிவிட்டு அது மாறிவிட்டதாக நினைக்கிறார்கள். சாக்கில் வேறு பெயர் எழுதினால் நெல் மாறாது.

எங்கே நான் தோற்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். 4கே என்கிற மிக உயர்ந்த தெளிவில் எடுத்த எச்.265 வீடியோ எங்கள் கணினியில் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது, எந்த பிளேயரானாலும். அந்த ரகத்தைப் பிரிக்கிற தனிப் பகுதி பழைய பிராசசர்களில் இல்லை. அதற்கு ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் 720 என்கிற சிறிய அளவுக்கு ஒரு நகல் எடுத்து அதைப் பார்க்கிறோம். ஒரு மணி நேர வீடியோவுக்கு ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டியிருக்கிறது, நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. மூலத்தை மட்டும் ஒருபோதும் அழிப்பதில்லை. நகல் என்பது பார்ப்பதற்கு. நாளைக்கு நல்ல கணினி வாங்கும்போது மூலம்தான் வேண்டும்.

இணையத்தில் கோப்பை ஏற்றினால் மாற்றித் தருகிற தளங்களை நான் பயன்படுத்துவதில்லை. வீட்டுப் பெண்பிள்ளைகளின் படத்தை முகம் தெரியாத இடத்தில் ஏற்ற மனம் வரவில்லை. 'இந்த வீடியோவைப் பார்க்க இந்த கோடெக்கை இறக்கு' என்று கேட்கிற எதையும் தொடாதீர்கள். விண்டோஸில் ஃபோல்டரைத் திறந்து வியூ பகுதிக்குப் போய் கோப்பின் பின்னொட்டு தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஜேபிஜி என்று முடிவதுபோலத் தெரிந்து, அதற்கும் பின்னால் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது படம் இல்லை, கணினியில் ஓடும் நிரல்.

கடைசியாக கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கத்தில் சித்தி வீட்டில் சித்தி மகன் ஜன்னல் வழியாகத் தோப்பை எடுத்துக்கொண்டிருந்தான். பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிட்டது. கோப்பு இருந்தது, 300 எம்பிக்கு மேல், ஆனால் விஎல்சியிலும் ஓடவில்லை. எட்டு வருடத்தில் விஎல்சி கைவிட்ட கோப்புகளில் இது ஒன்று. எம்பி4-இல் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் போன் பெரும்பாலும் பதிவு முடிந்த பிறகுதான் எழுதும். நடுவில் அணைந்தால் அட்டவணை இல்லாமல் போகும். படம் முழுக்க உள்ளே இருக்கிறது, படிக்கத்தான் வழியில்லை.

2022-இல் மகன் அன்ட்ரங்க் என்று ஒரு இலவசக் கருவியைக் கண்டுபிடித்தான். அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதை வைத்து உடைந்ததற்கு அட்டவணையை ஊகித்து எழுதும். நல்ல வேளையாக அந்தப் போனைச் சித்தி தூக்கிப் போடவில்லை, பீரோவில் வைத்திருந்தார். சார்ஜ் போட்டு உயிர் வரவைத்து, அதே வாசலில் நின்று ஒரு நிமிடம் எடுத்தான். முதல் முயற்சியில் ஒலி வரவில்லை. வீடியோ அமைப்பைச் சரிபார்த்து, வேறொரு மாதிரி வீடியோவை எடுத்துக் கொடுத்த பிறகு நாலு நிமிடமும் வந்தது. இருட்டில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. காற்றின் சத்தமும், ஒவ்வொரு மரமாக முறிகிற சத்தமும், சித்தப்பா "அது வடக்கு ஓரத்து மரம்… இது கிணத்தடி" என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டு வருவதும் கேட்டது. சித்தி முழுவதையும் பார்த்தார். "இன்னொரு தடவை போடும்மா" என்றார்.

மீதமிருப்பது ஒரு மினிடிவி கேசட், அதாவது அந்தக் காலத்துக் கேமராவில் போடும் சின்ன டிஜிட்டல் வீடியோ நாடா. 2004 மகாமகத்தன்று குளக்கரையில் பெரியப்பா எடுத்தது. இது கோப்பே இல்லை, நாடா. ஓடுகிற நிலையில் ஒரு மினிடிவி கேமராவும், அதை இணைக்கிற ஃபயர்வயர் கேபிளுக்கான துளை உள்ள கணினியும் கிடைத்தால் படத்தை அப்படியே இறக்கிவிடலாம். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் யாராவது அந்தக் கேமராவை இன்னும் வைத்திருந்தால் ஒரு நாள் கடன் கொடுங்கள். 2028 மகாமகம் வருவதற்குள் இதைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.