வளர்ப்புப் பறவைகளுக்கு முளைகட்டிய தானியம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரியவருபவை

பறவைக்கு முளைகட்டத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது சாதனத்தைத்தான். ஜாடியா, அடுக்குத் தட்டா, தானியங்கி இயந்திரமா என்ற குழப்பத்திலேயே பாதி ஆர்வம் போய்விடும். எல்லாவற்றையும் நீண்ட நாள் புழங்கிப் பார்த்ததில் எங்கள் முடிவு இதுதான்: வாயகன்ற எவர்சில்வர் வலை வடிகட்டியும் அது உட்காரும் கிண்ணமும் போதும்.

விற்பனைக்கு வரும் சாதனங்கள் பெரும்பாலும் மனிதர்கள் சாப்பிடும் நீண்ட முளைக்காகச் செய்யப்பட்டவை. பறவைக்கு வேண்டியது வெள்ளை முளை சற்றே எட்டிப்பார்க்கும் விதை. முளை விதையின் நீளத்தைத் தாண்டக் கூடாது. விதைக்குள் நொதிகள் விழித்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதும், தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறையத் தொடங்குவதும், காய்ந்த விதையில் இல்லாத வைட்டமின் சி உருவாவதும் இந்தக் கட்டத்தில்தான். அதற்கு மேல் வளரவிட்டால் விதை தன் சேமிப்பைத் தானே தின்று தீர்க்கிறது. பாக்டீரியா பெருகவும் கூடுதல் நேரம் கிடைத்துவிடுகிறது. ஊறவைப்பதிலிருந்து கிண்ணத்தில் போடுவதுவரை 24 முதல் 48 மணி நேரத்தில் வேலை முடிந்துவிட வேண்டும்.

கண்ணாடி ஜாடி கெட்டதல்ல. ஒரு லிட்டர் ஜாடியில் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் தானியம் போடாமல், 45 டிகிரி சாய்த்துக் கவிழ்த்து வைத்தால் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் தானியம் வாயை அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாது. முளைக்கும் விதைகள் மூச்சுவிட்டு வெப்பம் வெளியிடுவதால் குவியலின் நடுவில் சூடேறி, அங்கிருந்துதான் புளிப்பு தொடங்கும். மூடியின் உலோக வளையம் நாளடைவில் துருப்பிடிக்கும். அதன் மடிப்புகளைச் சுத்தமாகக் கழுவவும் முடியாது.

அடுக்குத் தட்டுகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மேல் தட்டில் ஊற்றிய நீர் கீழ்த் தட்டுகளுக்கு இறங்கும் அமைப்பு என்பதால், மேலே ஒன்று கெட்டால் அந்தக் கழிவுநீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும். தினை போன்ற பொடித் தானியம் வடிகுழாயில் சிக்கி நீரைத் தேக்கும். பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களில் வழவழப்பு படிந்துவிட்டால், எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. ஒரே நீரைச் சுழற்றித் தெளிக்கும் இயந்திரங்களிலும் இதே சிக்கல்தான். துணிப்பை ஒருநாள் முளைக்குச் சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு முழுக்க உலர்த்தாவிட்டால் கரும்புள்ளி விழும்.

வடிகட்டியில் பார்க்க வேண்டியவை மூன்று: வலைக் கண் 1 மி.மீ. அளவுக்குள், வாய் 15 முதல் 18 செ.மீ., அடிப்பகுதிக்கும் கிண்ணத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. தானியம் ஒரு செ.மீ. கனத்துக்கு மேல் குவியக் கூடாது. வலையும் விளிம்பும் சேரும் மடிப்புதான் இதன் பலவீனம். உமித் துணுக்குகள் அங்கே ஒளிந்துகொள்ளும். வடிகட்டியைக் கவிழ்த்து, பல் துலக்கும் பிரஷால் வெளிப்பக்கத்திலிருந்து தேய்த்து, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த தானியத்தைப் போட வேண்டும்.

இனி விதை. விதைப்புக்கென விற்கும் விதையை ஒருபோதும் வாங்காதீர்கள். அதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம். உணவுக்கென விற்கும் முழுத் தானியமே வேண்டும். உடைத்த பருப்பும் தீட்டிய சிறுதானியமும் முளைக்காது, ஊறி அழுகத்தான் செய்யும். புதிதாக வாங்கும்போதெல்லாம் 100 விதைகளை ஈரத் துணியில் சுற்றி முளைப்புத் திறன் பாருங்கள். 85க்குக் குறைவாக முளைத்தால் ஒதுக்கிவிடுங்கள். முளைக்காத ஒவ்வொரு விதையும் முளைத்தவற்றின் நடுவில் கிடந்து அழுகும்.

நம்பிக்கையானவை பாசிப்பயறு, கோதுமை, தினை, கம்பு, குசும்பா விதை. தோல் நீக்கிய பச்சைச் சூரியகாந்திப் பருப்பைத் தனியாக நான்கு மணி நேரம் ஊறவைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். அது பழுப்பேறிக் கசக்க அதிக நேரம் எடுக்காது. ராஜ்மா, மொச்சை போன்ற பெரிய பயறுகளைப் பச்சையாக முளைகட்டிக் கொடுக்கவே கூடாது. அவற்றின் நச்சு முளைகட்டுவதால் மட்டும் போய்விடாது. சோள (ஜோவார்) முளையும் வேண்டாம், அதில் சயனைடு வெளியிடும் சேர்மம் உண்டு. ஆளி, சியா, சப்ஜா மூன்றும் நனைந்ததும் கூழாகிவிடும், வடிகட்டிக்கு ஒத்துவராது. நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சின் அபாயம் இருப்பதால் அதையும் தவிர்க்கிறோம்.

ஒரு மேசைக்கரண்டி தானியம் முளைத்தால் இரண்டு முதல் இரண்டரை மேசைக்கரண்டி ஆகும். ஒரு ஜோடி பட்ஜிக்கு (சிறு வளர்ப்புக் கிளி) அது மூன்று நாளுக்குக் காணும். முதலில் கல், பொக்கு, சொத்தை நீக்கி, நீர் தெளியும்வரை நான்கைந்து முறை களையுங்கள். பிறகு மூன்று மடங்கு நீரில் பயறும் கோதுமையும் எட்டு முதல் பத்து மணி நேரம், சிறுதானியம் ஆறு மணி நேரம் ஊறலாம். அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பாதி நேரத்தில் ஊறும் நீரை மாற்றிவிடுங்கள். வடித்த பிறகு, நல்ல குளிர்ந்த நீரை வேகமாக ஊற்றி எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலச வேண்டும். வெயில் காலத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை.

அலசுவதில் யாரும் தவறுவதில்லை. வடிப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அலசியதும் வடிகட்டியைச் சாய்த்துப் பிடித்து நாலு தட்டு தட்டுங்கள். அடிப்புறத்தை ஒரு துணியால் ஒற்றுங்கள். வலைக் கண்களில் படலமாக நிற்கும் நீர் இறங்கிவிடும். ஐந்து நிமிடம் கழித்துக் கிண்ணத்தில் சேர்ந்த நீரைக் கொட்டுங்கள். தானியம் ஈரமாக இருக்கலாம், நீரில் நிற்கக் கூடாது. நேர் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் மெல்லிய துணியால் மூடி வையுங்கள்.

சிலர் கடைசி அலசலில் ஆப்பிள் சிடர் வினிகர் சேர்ப்பார்கள். மேற்பரப்புக்கு ஓரளவு உதவலாம், விதைத் தோலின் வெடிப்புக்குள் இருக்கும் கிருமியை அது தொடாது. வினிகர் ஊற்றிவிட்டோம் என்று அலசலைக் குறைப்பதுதான் உண்மையான ஆபத்து. முளையிலுள்ள கிருமியை லேசாக எண்ண வேண்டாம்: 2011இல் ஜெர்மனியைக் கலங்கடித்த இ.கோலி நோய்ப் பரவலுக்கு மூலமாகக் கண்டறியப்பட்டது வெந்தய முளைதான்.

கோதுமையிலும் சிறுதானியத்திலும் வேர்நுனியை ஒட்டி வெண்பஞ்சு போல ஏதோ தெரிந்தால் பதற வேண்டாம். அது வேர்த்தூவி, நீர் பட்டதும் படுத்துவிடும். பூஞ்சை அப்படியல்ல. ஒரு விதையிலிருந்து இன்னொன்றுக்கு நூலோடி, அலசினாலும் அப்படியே நிற்கும், சாம்பல் நிறமும் காட்டும். சந்தேகம் இருந்தால் மூக்கை நம்புங்கள். நல்ல முளையில் பச்சை வாசனைதான் வரும். புளித்த வாடையோ, விரலில் பிசுபிசுப்போ, நூல் இழுப்போ இருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். நல்லதைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும் எண்ணமே வேண்டாம். ஊசிப்போன முளை பறவையின் இரைப்பையில் கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்றை வளர்க்கும்.

கொடுக்கும் அளவு ஒரு நாளைக்கு பட்ஜிக்கு ஒரு தேக்கரண்டி, காக்டெய்ல் எனப்படும் கொண்டைக் கிளிக்கு ஒரு மேசைக்கரண்டி. பசியோடு இருக்கும் காலை நேரம் நல்லது. தனிக் கிண்ணத்தில் வைத்து, வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். காய்ந்த தானியம் மட்டுமே தின்று பழகிய பறவை முதலில் சீண்டாது. அதற்காகப் பட்டினி போடாதீர்கள்; சிறு பறவை ஒருநாள் பட்டினியைக்கூடத் தாங்காது. வழக்கமான தானியத்தை முளைமேல் தூவி, வாரக்கணக்கில் மெல்லப் பழக்குங்கள், கிராம் தராசில் எடையையும் பாருங்கள். எச்சத்தில் நீர் சற்றுக் கூடுவது இயல்பு. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மந்தமாக உட்கார்ந்தால் முளையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீதியை மேல் ஈரம் முழுக்க உலர்ந்த பிறகு மூடிய டப்பாவில், 4 டிகிரி குளிரில் இரண்டு நாள் வைக்கலாம். உறைபெட்டி வேண்டாம், கரைந்ததும் குழைந்துவிடும்.

முளையில் போதிய கால்சியம் கிடையாது. கணவாய் ஓடு கூண்டில் எப்போதும் தொங்கட்டும். மென்மையான, சத்தான உணவு தாராளமாகக் கிடைத்தால் பறவையின் உடல் அதை இனப்பெருக்கக் காலமாக எடுத்துக்கொள்ளும். குஞ்சு வளர்க்கும் ஜோடிக்கு அது வரம். தனியாக வளரும் பெட்டை காக்டெய்ல் அதனால் ஓயாமல் முட்டையிட்டு நலிந்துபோகும். அந்தப் பறவைக்கு வாரத்தில் இரண்டு நாள் முளை போதும். முட்டையிடத் தொடங்கினால் அதையும் நிறுத்திவிடுங்கள்.