‘மூன்றே நாளில் உலரும்’ கஞ்சாத் தொகுதி: வாங்க முன் படியுங்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் 2018 ஒக்ரோபர் 17 முதல், வீடொன்றில் நான்கு கஞ்சாச் செடிகள் வரை 19 வயது நிரம்பியவர்கள் வளர்க்கலாம். கியூபெக்கில் கூடாது, இந்தியாவிலும் இலங்கையிலும் அது குற்றம். இந்தப் பதிவு சட்டப்படி வளர்த்து, இந்த இலையுதிர்காலத்தில் அறுவடைக்குக் காத்திருப்பவர்களுக்கானது.

இணையத்தில் 149 டொலருக்கு ஒரு ‘உலர்த்திச் சேமிக்கும் தொகுதி’ விற்கிறார்கள். ஹீட்டரும் விசிறியும் வைத்த ஒரு பெட்டி, எட்டுக் கண்ணாடிப் போத்தல்கள், மூடிக்குள் ஒட்டி உள்ளேயுள்ள காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் எட்டுச் சிறிய ஈரமானிகள், போத்தலின் ஈரப்பதத்தை 62 சதவீதத்தில் வைத்திருக்குமென ‘62’ என்று அச்சிட்ட ஈரப்பதப் பைகள். நாங்கள் சில வீட்டார் சேர்ந்து வாங்கினோம். போத்தல்களைத் தவிர மற்ற எல்லாமே ஏமாற்று.

முதலில் பெட்டி. பச்சை மொட்டின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். அது 16 முதல் 18 பாகை செல்சியசில், 55–60 சதவீத ஈரப்பதத்தில், இருட்டில், 10 முதல் 14 நாட்களில் மெதுவாக வெளியேற வேண்டும். இந்தப் பெட்டி 38 பாகையில் சூடான காற்றை நேரே மொட்டின் மேல் ஊதுகிறது. வெளிப்புறம் மொறுமொறுப்பாகிவிடும், தண்டை ஒட்டிய நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். வாசனை தரும் டெர்பீன்களில் இலேசானவை அந்தச் சூட்டிலேயே பறந்துவிடும். மூன்று நாளில் காய்ந்தது போலத்தான் இருக்கும். போத்தலில் போட்டு மூடியதும் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வரும், அடுத்த நாள் மொட்டு மறுபடி மெத்தென்றாகும்.

ஈரமானி ஒழுங்காக இருந்திருந்தால் இதை அப்போதே காட்டிக்கொடுத்திருக்கும். பெரிய மோசடி அதில்தான். போத்தலில் 58–62 காட்டினால் நல்லது. 65ஐத் தாண்டினால் மூடியைத் திறந்து விடவேண்டும். 70 என்றால் மொட்டுகளை வெளியே எடுத்து மறுபடி காயவைக்க வேண்டும். தொகுதியில் வந்தவை 60 என்று காட்டின. உண்மை 72க்கு மேல். இரண்டாம் வாரம் ஒரு போத்தலைத் திறந்தபோது அமோனியா வாடை அடித்தது. வெளியில் பச்சையாகப் பளபளத்த மொட்டை நகத்தால் பிளந்து பார்த்தால், தண்டைச் சுற்றிப் பழுப்பாகி, அதன்மேல் சாம்பல் நிறப் பஞ்சு. முழுவதையும் எறிய வேண்டியதாயிற்று. பூஞ்சணம் பிடித்ததை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாவிக்க நினைக்காதீர்கள். பற்றவைத்தால் எல்லாம் எரிந்துபோகும் என்பதும் தவறு. அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணத்தின் வித்துகள் புகையோடு நுரையீரலுக்குப் போகலாம். கீமோ எடுப்பவர்களுக்கும் உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்கும் அது உயிராபத்து.

ஈரமானியை நம்பமுன் உப்பால் சோதியுங்கள். ஒரு போத்தல் மூடியில் சாதாரண உப்பு நிரப்பி, ஈரமணல் பதத்துக்கு வருமட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள், கரைந்தோடக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஒரு ஸிப் பையில் வைத்து, காற்றுப் புகாமல் மூடி, அறை வெப்பத்தில் 12 மணி நேரம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். இரண்டு மூன்று கூடக்குறைய இருந்தால் அந்த வித்தியாசத்தை மூடியிலேயே எழுதி வைத்துப் பாவிக்கலாம். எங்களுக்கு வந்தவை 61 முதல் 66 வரை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காட்டின. இப்படி ஆளுக்கொரு எண் காட்டுபவற்றைத் திருத்தவும் வழியில்லை.

ஈரப்பதப் பைகளைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கலகலவென்றால் உள்ளே இருப்பது சிலிக்கா மணி. ஈரத்தை எடுக்கவும் திருப்பிக் கொடுக்கவும் வல்ல பைக்குள் கெட்டியான திரவம் இருக்கும், அமுக்கினால் நழுவும். 8 கிராம் சிலிக்கா இரண்டு மூன்று கிராம் நீரோடு நிறைந்துவிடும். அதன்பின் சும்மா கிடக்கும். அதோடு, உண்மையான பையும்கூடச் சரியாகக் காயாத மொட்டைக் காப்பாற்றாது.

விற்பனையாளரின் சூட்சுமம் 30 நாள் திருப்பியனுப்பும் கெடுவில் இருக்கிறது. செப்ரெம்பரில் வாங்கி, ஒக்ரோபரில் அறுவடை செய்து, பூஞ்சணம் தெரியவரும்போது கெடு முடிந்திருக்கும். முதலில் படம் கேட்டார்கள், பிறகு “உங்கள் உலர்த்தும் முறை பிழை” என்றார்கள், கடைசியில் அடுத்த கொள்முதலுக்கு 15 சதவீதக் கழிவு தருவதாகச் சொன்னார்கள். ஆகவே பொதி வந்த அன்றே உப்புச் சோதனையைச் செய்து, 75க்குப் பக்கத்தில்கூட வராத எண்களைத் தேதியோடு படமெடுத்து, உடனே எழுத்தில் முறையிடுங்கள். பணத்தைத் தர மறுத்தால் அதே படங்களோடு கடனட்டை நிறுவனத்திடம் போங்கள். எங்களில் சோதனைப் படம் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே பணம் திரும்பியது.

பெட்டியே தேவையில்லை. கிளையோடு தலைகீழாகத் தொங்கவிட ஒரு கயிறும், சுவரைப் பார்த்துச் சுற்றும் சிறு விசிறியும் போதும். பேஸ்மென்ட் ஈரமென்றால் காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிபையர் போடுங்கள். ஹீட்டிங் தொடங்கி வீடு 35 சதவீத ஈரப்பதத்துக்கு வறண்டுவிட்டால் இலைகளை வெட்டாமல் விடுங்கள், காய்வது தாமதமாகும். மெல்லிய தண்டு வளையாமல் ‘டக்’கென ஒடிந்தபின் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, முதல் வாரம் நாளுக்கொரு முறை பத்து நிமிடம் திறந்து விடுங்கள். போத்தல்களை இருட்டான, குளிர்ந்த அலுமாரியில், பிள்ளைகள் கை படாமல் பூட்டி வையுங்கள்.