மொட்டைமாடிப் பூச்சு, பி.வி.சி பீலி: ஐந்து மழைக்காலம் கண்டபின்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் எங்கள் வீடு. முன்பாதி ஓடு, பின்பாதி பிறகு கட்டிய கொங்கிறீற் சிலாப். ஐப்பசி பிறந்தால் பின் அறையில் இரண்டு வாளி வைத்தாக வேண்டும், அதுவும் ஒன்று அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். 2020 மாசியில் சிலாப்புக்கு வாட்டர்புரூஃப் பூச்சு அடித்து, கூரைத் தண்ணீரை ஏந்தி இறக்கும், உப்புக்காற்றில் துருப்பிடித்த தகரப் பீலியைக் கழற்றிவிட்டு பி.வி.சி பீலி போட்டோம். மழைக்கு முன் இதே வேலையை யோசிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வருடம் ஒரு சொட்டு இல்லை. அடுத்த வருடம் ஐப்பசியில், பின்னேரம் இடியோடு கொட்டுமே, அந்த மழையில் அதே மூலையில் மறுபடி ஈரம். மேலே ஏறிப் பார்த்தால் பூச்சு அப்பளம் மாதிரி உப்பி எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் ஓடுவது தெரிந்தது. நகத்தால் கீறியதும் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்துவிட்டது. மழை விட்டு இரண்டு நாளாகியும் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கித்தான் நின்றது.

2022இல் சீமெந்து விற்ற விலைக்குக் கை வைக்க முடியவில்லை. 2023 மாசியில்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வயதான மேசன் பாஸ் வந்தார். பூச்சை அவர் பார்க்கவே இல்லை. ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு அது எங்கே போகிறது என்று குந்தியிருந்து பார்த்தார். "தம்பி, தண்ணிக்குப் போக வழி இல்லாமல் என்னத்தைப் பூசினாலும் நிக்காது" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அக்ரிலிக் பூச்சு மழையைத் தாங்கும், நாள்கணக்கில் தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்காது, ஊறி இளகிவிடும். பழையதைச் சுரண்டி எடுத்து, பத்தடிக்கு ஓரங்குலத்துக்கு மேல் வாட்டம் வருகிற மாதிரி சீமெந்து போட்டார். சுவரும் தளமும் சேரும் மூலையைச் சரிவாக வளைத்துப் பூசி, அதில் வலைத்துணி வைத்து, ஒரு கோட் நெடுக்கும் அடுத்தது குறுக்குமாக அடித்தார். நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்து, ஓரங்குலம் தண்ணீர் கட்டி ஒருநாள் முழுக்க விட்டுப் பார்த்தோம். கீழே கூரை காய்ந்தே இருந்தது. இந்தச் சோதனை செய்யாமல் முழுக் காசையும் கொடுத்துவிடாதீர்கள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த அறைக்கு வாளி தேவைப்படவில்லை.

பி.வி.சி பீலி துருப்பிடிக்காது, அது பெரிய நிம்மதி. ஆனால் முதலில் போட்டவர்கள் தாங்கிகளை மூன்றடிக்கு ஒன்றாக அடித்திருந்தார்கள். வெயிலில் பீலி நடுவில் தொய்ந்துபோய், அங்கே தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி நெளிந்ததைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான் காட்டினார். 2017இல் நாட்டில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது, எங்கள் ஒழுங்கையிலும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அதைப் பார்த்த எனக்கு அந்தக் குடம்பிகளைக் கண்டதும் நெஞ்சு பதறிவிட்டது. இப்போது இரண்டடிக்கு ஒரு தாங்கி. பக்கத்து வீட்டு மாவிலை விழும் என்று மேலே கம்பிவலை போட்டும் பார்த்தேன், இலை வலைமேல் ஒட்டிக்கொண்டு தண்ணீர் வெளியேதான் வழிந்தது. கழற்றிவிட்டு, இறக்கு பைப்பின் வாயில் மட்டும் ஒரு கம்பிக்கூண்டு வைத்தேன், அது நல்ல வேலை செய்கிறது. முட்டை ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நாளில் நுளம்பாகிவிடும் என்பதால் மழைக்காலத்தில் ஞாயிறுதோறும் ஏணி வைத்து அள்ளுகிறேன்.

அலுமாரிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களும் வாங்கினோம். மூடிய அலுமாரிக்குள் நல்ல பலன், மூன்று நாலு கிழமையில் அடியில் தண்ணீர் நிறைந்துவிடும், அதைச் சேலைமேல் சிந்தாமல் எடுக்க வேண்டும். அறையில் திறந்து வைப்பதில் பயனில்லை. அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தபின்தான் பின்பலகையில் பூஞ்சணம் பிடிப்பது நின்றது.

அப்புறம், மின்கசிவு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எங்களுடையது ஒருமுறை விழவே இல்லை, அன்றைக்கே மாற்றினோம். ஈரச் சுவரில் மின்சாரம் கசிந்தால் அது ஒன்றுதான் காப்பாற்றும்.

சிலாப் வேலை செய்வதென்றால் தை, மாசிதான் தோது, கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் அவை. அதைத் தவறவிட்டவர்கள் ஓகஸ்ட் கடைசியில் நாலு நாள் வெயில் கிடைத்தாலும் விடாதீர்கள். ஒக்டோபரில் பாஸ்மாரைப் பிடிப்பது கஷ்டம், பிடித்தாலும் ஈரத் தளத்தில் பூச்சு ஒட்டாது.