சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் டிக்கெட்டை ஏஜென்ட் மூலம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகிற குடும்பங்கள் அதிகம். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்ற கேளிக்கைப் பூங்காவுக்காகவே பிள்ளைகள் கிளம்பச் சொல்லி நச்சரிப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அந்த டிக்கெட்டிலேயே எங்களை ஏமாற்றிவிட்டார்கள். டிக்கெட் விற்ற டிராவல்ஸ் கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. ஆனால் நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விமானம், ஹோட்டல், சுற்றிப் பார்க்கும் இடங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகப் பேசினோம். யுனிவர்சலைப் பற்றிக் குறிப்பாகவே கேட்டேன். "எக்ஸ்பிரஸ் பாஸோட சேர்த்துத்தான் சார், நீங்க வரிசையிலயே நிக்க வேணாம்" என்றார் ஏஜென்ட். மகனுக்கு எட்டு வயது, உயரம் 118 சென்டிமீட்டர், பெரிய ரோலர் கோஸ்டரில் விடுவார்களா என்று கேட்டதற்கு, "கூட பெரியவங்க இருந்தா விட்டுடுவாங்க சார், அதெல்லாம் அங்க பார்க்கறதில்ல" என்று பையன் முன்னாலேயே சொன்னார். பணத்தைத் தன் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். "கம்பெனி கணக்குல போட்டா டாக்ஸ் பிடிப்பாங்க, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

டிக்கெட், பூங்காவுக்குப் போவதற்கு முதல் நாள் ராத்திரிதான் வாட்ஸ்அப்பில் வந்தது. அவருடைய லெட்டர்ஹெட்டில் நான்கு க்யூஆர் குறிகளை ஒட்டி ஒரு பிடிஎஃப். பூங்கா கொடுத்த அசல் டிக்கெட்டை அனுப்பச் சொன்னேன். "இதுவே போதும் சார்" என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் வாசலில் ஸ்கேன் செய்தபோது இரண்டு குறிகளை ஏற்கெனவே யாரோ பயன்படுத்திவிட்டார்கள் என்று காட்டியது. மற்ற இரண்டும் வெறும் நுழைவு டிக்கெட்டுகள், எக்ஸ்பிரஸ் எதுவும் கிடையாது. வாசலில் இருந்த ஊழியர் நல்ல தமிழில் பொறுமையாக விளக்கினார். பூங்கா மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஏஜென்ட்டை அழைத்தால் "சர்வர் பிரச்சினை, ஒரு பத்து நிமிஷம் வெயிட் பண்ணுங்க" என்றார். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. வெயிலில் பிள்ளைகளை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? கவுன்ட்டரில் பெரியவருக்கு ஒன்றும் சிறுவனுக்கு ஒன்றுமாகப் புதிதாக வாங்கினோம். நம் காசுக்குக் கிட்டத்தட்ட 10,000 ரூபாய். பேக்கேஜில் ஒருமுறை கட்டிய அதே பணம்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். க்யூஆர் குறியை ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். முதலில் வாசலில் காட்டுகிறவர் உள்ளே போய்விடுவார், அடுத்து வருகிறவருக்கு அது செல்லாது. ஒரே டிக்கெட்டை இரண்டு மூன்று குடும்பங்களுக்கு விற்றுவிட்டு, யார் முந்துகிறார்களோ அவர்கள் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். திருடிய கிரெடிட் கார்டில் வாங்கிய டிக்கெட்டாக இருந்தால் இன்னும் மோசம். கார்டுக்குச் சொந்தக்காரர் புகார் கொடுத்ததும் அது ரத்தாகிவிடும். இணையத்தில் மலிவாக விற்கப்படும் இந்தப் பூங்கா டிக்கெட்டுகளைப் பற்றிச் சிங்கப்பூர் போலீஸே முன்பு எச்சரித்திருக்கிறது. அதனால் பூங்காவின் சொந்தத் தளத்தில் உங்கள் மின்னஞ்சலுக்கே வரும்படி வாங்குங்கள். ஏஜென்ட் வழியாகத்தான் வாங்குவீர்கள் என்றால், பூங்கா அனுப்பிய உறுதி மின்னஞ்சலை அப்படியே உங்களுக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டிய பிடிஎஃப் வேண்டவே வேண்டாம்.

எக்ஸ்பிரஸ் விஷயத்தில்தான் பலரைக் குழப்புகிறார்கள். எக்ஸ்பிரஸ் பாஸில் நுழைவுக் கட்டணம் அடங்காது, இரண்டையும் தனித்தனியாக வாங்க வேண்டும். சாதாரண எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு முறைதான் சீக்கிரம் நகரும் தனி வரிசையில் போகலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் போக வேண்டுமென்றால் அன்லிமிட்டெட் என்று வேறொன்று இருக்கிறது, விலையும் கூடுதல். கூட்டத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் விலை மாறும். ஆகவே "எல்லாம் சேர்த்து" என்று ஒருவர் வாயால் சொன்னால் எந்தப் பாஸ், எந்தத் தேதிக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை விடுமுறை. அதற்கு முன்பே போய்விட்டால் சில நாட்களில் எக்ஸ்பிரஸே தேவைப்படாது. தனியாக ஏறத் தயாராக இருப்பவர்களுக்கு ஒற்றையாள் வரிசை என்று சில ரைடுகளில் உண்டு, அது வேகமாக நகரும்.

என்னால் மன்னிக்க முடியாதது உயரத்தைப் பற்றி அவர் சொன்ன பொய். பேட்டில்ஸ்டார் கலக்டிகா என்பது ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இரட்டை ரோலர் கோஸ்டர், உயரம் 42 மீட்டருக்கும் மேல். சிவப்புத் தடத்தில் உட்கார்ந்து போகலாம். நீலத் தடத்தில் கால்கள் அந்தரத்தில் தொங்கத் தலைகீழாகச் சுழற்றும். இரண்டு தடத்துக்கும் குறைந்தது 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இருட்டுக்குள் ஓடும் மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122. அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்கள், யார் கெஞ்சினாலும் விடமாட்டார்கள். விடவும் கூடாது. உடம்பைப் பிடித்துப் பூட்டும் அந்தக் கம்பிகள் குறிப்பிட்ட உடல் அளவுக்குச் செய்யப்பட்டவை. சின்ன உடம்பு அதிலிருந்து நழுவினால் உயிர் போய்விடும். இது தெரிந்தும் "பார்க்கறதில்ல" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், விற்பனைக்காகப் பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறார் என்றுதான் அர்த்தம். மகன் அந்த அளவுகோல் பக்கத்தில் நின்று அழுதான். அக்கா மட்டும் போய் ஏறினாள். அவனை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கும், 92 சென்டிமீட்டர் இருந்தாலே விடுகிற என்சான்டட் ஏர்வேஸ் என்ற சின்னக் கோஸ்டருக்கும் கூட்டிப் போனோம். உண்மையை முன்பே சொல்லியிருந்தால் அவனும் அதற்குத் தயாராக வந்திருப்பான்.

இன்னொன்று. எந்த ரோலர் கோஸ்டர் அன்று ஓடும் என்று எந்த ஏஜென்ட்டாலும் உத்தரவாதம் தர முடியாது. இதே பேட்டில்ஸ்டாரை 2013 ஜூலையில் மூடி 2015 மே மாதம்தான் திறந்தார்கள். பராமரிப்புக்காக மூடும் ரைடுகளைப் பூங்காவே தன் தளத்தில் போடுகிறது, தேதி முடிவு செய்யும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டும் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கிறவர், பணம் வாங்கும்போதே பிடிக்கும் டிசிஎஸ் என்ற வரியைப் பிடித்தாக வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் வரவாகும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆக, டாக்ஸ் இல்லாமல் செய்து தருகிறேன் என்பவர் உங்களுக்கு ஒன்றும் மிச்சம் பிடித்துத் தரவில்லை. பில்லே இல்லாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார். நாளைக்குப் புகார் என்று போனால் அவர் கேட்கும் முதல் கேள்வியே "பில் இருக்கா?" என்பதுதான். எங்களிடமும் அப்படித்தான் கேட்டார்.

எங்களுக்குக் கைகொடுத்தது வாட்ஸ்அப் உரையாடலும் ஜிபே ரசீதும். எதையும் அழிக்காமல் வைத்திருந்தோம். கவுன்ட்டரில் வாங்கிய புது டிக்கெட்டின் பில்லையும் பத்திரப்படுத்தினோம். ஊருக்கு வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். அதற்கப்புறம் பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று ஆள் அனுப்பினார். ஒத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறோம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முழுக்க முழுக்க மோசடி என்றால் தாமதிக்காமல் 1930 சைபர் குற்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வழியிருக்கும்.

இதே மாதிரி லெட்டர்ஹெட் பிடிஎஃப் வாங்கி வாசலில் நின்ற வேறு யாராவது நம் பக்கத்தில் இருந்தால், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே குறியை இரண்டு குடும்பத்துக்கு விற்றது எழுத்தில் கிடைத்தால் எங்கள் மனுவுக்கும் பலம், உங்கள் மனுவுக்கும் பலம்.