சண்டை விமானத்தின் பக்கவாட்டுப் படம்: எதை நம்பி வரைவது?

பிஸ்டன் எஞ்சின் சண்டை விமானம் ஒன்றை அளவு பிசகாமல் பக்கவாட்டில் வரைய உட்காருபவருக்கு நான்கு வழி உண்டு: யாரோ வரைந்து வைத்திருக்கும் மூன்று கோணப் படம் (மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னாலிருந்தும் காட்டுவது), பழைய புகைப்படம், தயாரித்த கம்பெனியின் வரைபடம், அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானமே. பெரும்பாலோர் முதலாவதை எடுத்து அதன்மேல் கோடு இழுத்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதையும் உருமறைப்பு வண்ணத்தில் செலவழிக்கிறார்கள். நான் கம்பெனி எண்களில் தொடங்கி புகைப்படத்தை வைத்துச் சரிபார்ப்பேன். மூன்று கோணப் படத்துக்குக் கடைசி இடம்தான்.

அது மோசம் என்பதால் இல்லை, எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்பதால். ஒருவர் வரைந்ததை அடுத்தவர் நகலெடுக்க, பழைய தப்பு புதிய கோட்டில் அழகாகத் தொடரும். மொத்த நீளமே நூலுக்கு நூல் மாறுகிறது: ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109ஜி-6க்கு ஒன்றில் 8.95 மீட்டர், இன்னொன்றில் 9.02. 1/48 அளவில், அதாவது நிஜத்தின் 48இல் ஒரு பங்காக வரையும்போது, இது ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம், ஸ்பின்னரின் (விசிறியின் நடுவில் இருக்கும் கூம்பு மூடி) வடிவத்தையே கெடுக்கப் போதும். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். ஒரே ஆள் வரைந்த ஜெர்மானிய ஃபோக்கே-வுல்ஃப் எஃப்டபிள்யூ 190 விமானத்தின் ஏ-8, டி-9 வகைகள் இரண்டையும் காக்பிட்டும் இறக்கையும் பொருந்த ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். டி-9இல் வாலுக்கு முன்னால் 50 செ.மீ. துண்டு ஒன்று சேர்த்தார்கள், ஆகவே செங்குத்து வால் 1/48இல் சுமார் 10.4 மி.மீ. பின்னால் தள்ளியிருக்க வேண்டும். 8 அல்லது 12 வந்தால் அந்த ஆளின் மற்ற படங்களையும் சந்தேகப்படலாம்.

புகைப்படத்தை எல்லோரும் நம்புவார்கள், கேமரா பொய் சொல்லாதாம். சொல்லும், அதுவும் கிட்டத்தில் நின்றால் நிறையவே சொல்லும். 15 மீட்டர் தூரத்திலிருந்து பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரைப் பக்கவாட்டில் எடுத்தால், நம் பக்கம் நீட்டியிருக்கும் இறக்கை நுனி உடலின் நடுக்கோட்டைவிட 1.6 மடங்கு பெரிதாகத் தெரியும். இதையாவது கண் உடனே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காதது உடலில் இருக்கிறது. உடல் ஒரு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், வெளிக்கோடு அரை மீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் நடுக்கோட்டில் உருவாகிறது, பேனல் கோடுகளும் (தகடுகள் சேரும் கோடுகள்) எழுத்துகளும் நமக்கு நெருங்கிய தோலில் இருக்கின்றன. அதனால் படத்தின் மையத்திலிருந்து 60 மி.மீ.யில் நிற்க வேண்டிய கதவு விளிம்பு 62இல் போய் நிற்கும், வெளிக்கோடு மட்டும் சரியாகவே இருக்கும். அதே விமானத்தை 100 மீட்டரிலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்திருந்தால் இந்தப் பிழை 0.3 மி.மீ.க்கு இறங்கிவிடும், அப்புறம் கவலையே இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலப் படங்களில் அப்படிக் கிடைப்பது அபூர்வம். ஆகவே புகைப்படத்திடம் நீளம் கேட்காதீர்கள், குணம் கேளுங்கள்: எஞ்சின் மூடியின் அடிவயிறு எங்கே தட்டையாகிறது, கண்ணாடிக் கூண்டின் முதுகு எவ்வளவு உப்பியிருக்கிறது, இதையெல்லாம் அதைவிட நன்றாகச் சொல்ல வேறு எதுவும் இல்லை. தரையில் நிற்கும் விமானத்தில் டயரும் சக்கரக் காலும் எடையில் அமுங்கியிருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பறக்கும் நிலையில் வரைந்துவிட்டு அந்தக் கால்களை அப்படியே ஒட்டக்கூடாது.

சரி, கம்பெனி வரைபடம். இதில் நமக்கு வேண்டியது அழகான முழுப்படம் அல்ல, ஸ்டேஷன் எண்கள்தான். அமெரிக்க விமானங்களில் ஓர் ஆதாரப் புள்ளியிலிருந்து எத்தனை அங்குலம் என்பதே ஸ்டேஷன் எண், படிக்கப் பழகிவிட்டால் எலும்புக்கூடு தானாக எழுந்துவிடும். ஸ்பிட்ஃபயரில் உடலின் குறுக்குச் சட்டங்களுக்கு வரிசை எண்: ஐந்தாவது ஃபயர்வால் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவர்), பத்தொன்பதாவது வால் பகுதி கழன்று வரும் இணைப்பு. இரண்டையும் சரியாக நட்டுவிட்டால் நடுவில் பெரிதாகத் தப்பு பண்ண இடமில்லை. அமெரிக்காவின் பி-51 மஸ்டாங் இன்னும் வசதி. நார்த் அமெரிக்கன் நிறுவனத்தில் ராய் லைமிங் அதன் உடல் வளைவுகளை நீள்வட்டம், பரவளையம் மாதிரியான வளைவுகளின் சமன்பாடுகளாகவே அமைத்தார், எண்கள் கிடைத்தால் கணக்குப் போட்டே வரையலாம். ஒரே எச்சரிக்கை, ஸ்கேன் செய்த தாளின்மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பழைய தாள் நெடுக்கில் ஒரு மாதிரியும் குறுக்கில் ஒரு மாதிரியும் சுருங்கியிருக்கும், மைக்ரோஃபிலிம் தன் பங்குக்கு ஓரங்களை இழுத்திருக்கும். எழுதியிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வரைந்திருக்கும் கோட்டை நம்ப வேண்டாம். ஜப்பானிய விமானங்களில் இந்த வழி பாதியில் நின்றுவிடுகிறது, 1945 சரணடைதலின்போது ஏராளமான ஆவணங்களை எரித்துவிட்டார்கள்.

அங்கேதான் உண்மையான விமானம் கைகொடுக்கும். டேப்பும் தூக்குக்குண்டும் வைத்து அளக்க அனுமதி கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் எதை அளக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். மெஸ்ஸர்ஷ்மிட் வேஷத்தில் நிற்பது பிரிட்டனின் மெர்லின் எஞ்சினைப் பொருத்தி ஸ்பெயினில் கட்டிய பிஎஃப் 109 வகையான புச்சோனாக இருக்கலாம், அதன் மூக்கு வேறு. போருக்குப் பிறகு கவாலியர் என்ற அமெரிக்க நிறுவனம் மாற்றியமைத்த மஸ்டாங்குகள் சிலவற்றில் வால் உயரமானது. பறக்கும் நிலைக்குப் புதுப்பித்தவற்றில் எந்தத் தகடு அசல் என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது.

எந்த மென்பொருள் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. வெக்டரில் (எவ்வளவு சுருக்கினாலும் கெடாத கோட்டு வரைவு) நிஜ மில்லிமீட்டரிலேயே வரைந்து கடைசியில் சுருக்கலாம் என்பதால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் போதும். கோட்டின் தடிமனைத்தான் யாரும் பேசுவதில்லை. 1/48இல் கால் மில்லிமீட்டர் கோடு என்றால் நிஜத்தில் 12 மி.மீ. வெளிக்கோட்டை உருவத்துக்கு வெளியே போட்டால் விமானம் மேலும் கீழும் அத்தனை கொழுக்கும், காக்பிட்டின் மெல்லிய சட்டங்களில் அது அப்பட்டமாகத் தெரியும். கோட்டின் வெளிவிளிம்புதான் விமானத்தின் விளிம்பு என்று வைத்துக்கொண்டு, தடிமன் முழுவதையும் உள்பக்கம் தள்ளுங்கள்.